பாம்படம்

பாம்படம் என்பது தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் பெண்கள் அணிந்துவந்த ஒரு வகைத் தங்கக் காதணி ஆகும். திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர், இராமநாதபுரம், மதுரை ஆகிய மாவட்டங்களின் சிற்றூர்களில் இது பெருவழக்காக இருந்தது. வடித்து நீளமாக்கப்பட்ட காதில் மட்டுமே இதனை அணிய முடியும். எனவே காது வடிக்கும் வழக்கம் மறைந்தபோது பாம்படமும் வழக்கொழியத் தொடங்கியது. தற்போது வயது முதிர்ந்த பெண்கள் சிலரே இதனை அணிகின்றனர்.

பெயர்

பாம்பு, படம் என்னும் இரு சொற்கள் சேர்ந்து பாம்படம் என்றானதாகக் கூறுவர். படமெடுத்த பாம்பின் தோற்றத்தை இவ்வணி ஒத்திருப்பது இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகின்றது. தண்டட்டி என்பது இதனோடு நெருங்கிய தொடர்புடைய மற்றொரு காதணி. பேச்சு வழக்கில் இவ்விரு பெயர்களும் ஒன்றுக்கு மற்றொன்றாக வழங்குவதும் உண்டு.

அமைப்பு

உருண்டை, கனசதுரம், கூம்பு, தட்டு முதலிய வடிவங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பாம்படம் செய்யப்படும். பூ, கொடி வேலைப்பாடுகளும் கல் பதிப்பும் மிகுந்த பிற தென்னிந்திய நகைகளிலிருந்து இவ்வடிவங்களே இதனை வேறுபடுத்துகின்றன. இது பெரும்பாலும் கெட்டித் தங்கத்தால் ஆனதன்று. மெல்லிய தங்கத் தகட்டால் வடிவங்களைச் செய்து, நசுங்காமல் இருக்க உள்ளே அரக்கை நிரப்புவர். இதனால் குறைந்த அளவு தங்கத்தில் பெரிய அணியைச் செய்ய முடிந்தது.

பாம்படம் காதின் கீழ்மடலில் தொங்கும். மேல்மடலிலும் பிற பகுதிகளிலும் கொப்பு, முருகு, குருத்தட்டு, ஒன்னப்பூத்தட்டு முதலியவற்றை அணிவர். காதின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி அணி இருந்தது.

காது வடித்தல்

பெண் குழந்தைக்குச் சிறு வயதிலேயே காது குத்தி, துளையில் பஞ்சு அல்லது ஓலைச்சுருள் வைத்துப் படிப்படியாகப் பெரிதாக்குவர். பின்னர் குணுக்கு எனப்படும் ஈய வளையங்களை மாட்டுவர். அவற்றின் எடையால் மடல் சிறிது சிறிதாகக் கீழிறங்கும். அவசரப்பட்டால் மடல் அறுந்துவிடும் என்பதால் இதற்கு நீண்ட காலம் தேவைப்பட்டது. எட்கர் தர்ஸ்டன் 1906இல் வெளியிட்ட தென்னிந்திய இனவரைவியல் குறிப்புகள் நூலில் காது வடிக்கும் வழக்கம் பதிவாகியுள்ளது.

தாமிரபரணிப் பகுதியின் அணிகலன் மரபு

தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர் இரும்புக்கால ஈமக்காட்டில் 1899ஆம் ஆண்டு முதல் அலெக்சாண்டர் ரீ நடத்திய அகழாய்வில் தங்க நெற்றிப்பட்டங்கள் கிடைத்தன. இவை மெல்லிய தகட்டால் ஆனவை. கட்டுவதற்கு முனைகளில் துளையுடையவை. ஆற்றின் முகத்துவாரப் பகுதியிலிருந்த பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர்பெற்றது. இவை பாம்படத்தின் முன்னோடிகள் அல்ல. எனினும் இப்பகுதியில் தங்கத் தகட்டு வேலை மிகத் தொன்மையானது என்பதை ஆதிச்சநல்லூர்ப் பட்டங்கள் காட்டுகின்றன.

பிற பண்பாடுகளில்

காது மடலை நீட்டும் வழக்கம் உலகின் பல பகுதிகளில் காணப்படுகின்றது. இதில் இரு முறைகள் உள்ளன.

துளையை நிரப்புதல்: கேரளத்தில் நாயர் பெண்கள் அணிந்த தோடை வட்டத் தட்டு வடிவானது, அது விரிந்த துளையை நிரப்பி நிற்கும். தென் அமெரிக்காவின் இன்கா உயர்குடியினரும் பெரிய காதுத் தட்டுகளை அணிந்தனர். இதனால் எசுப்பானியர் அவர்களைப் 'பெருங்காதர்' என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர்.

எடையால் இழுத்தல்: போர்னியோ தீவின் கென்யா, காயான் மக்கள் பித்தளை வளையங்களை மாட்டி மடலை நீட்டினர். பாம்படம் இவ்வகையைச் சேர்ந்தது. அங்கும் இளைய தலைமுறையினர் இவ்வழக்கத்தைக் கைவிட்டுள்ளனர்.

புத்தர் சிலைகளிலும் சோழர் காலச் செப்புத் திருமேனிகளிலும் நீண்ட காதுகள் உயர்வின் அடையாளமாக அமைந்துள்ளன. ஒரு காலத்தில் மேன்மையைக் குறித்த வடித்த காது, இருபதாம் நூற்றாண்டில் நாட்டுப்புறத்தின் அடையாளமாகக் கருதப்பட்டது.

வழக்கொழிவு

கிறித்தவ சமயப்பரப்பாளர்களின் எதிர்ப்பு, பெண்கல்வியின் பரவல், நகரப் பழக்கங்களின் செல்வாக்கு ஆகியவை காது வடித்தல் மறையக் காரணங்களாயின. பள்ளிக்குச் சென்ற மகள்களுக்குத் தாய்மார் காது வடிக்கவில்லை. ஏற்கனவே வடித்த காதை அறுவை மருத்துவத்தால் தைத்து, சிறு தோடு அணிந்தவர்களும் உண்டு.

பாம்படம் பெண்ணின் சேமிப்பாகவும் விளங்கியது. மழை பொய்த்த ஆண்டுகளில் அடகு வைக்க உதவியது. ஆனால் வெளியே தெரியும்படி தொங்கும் தங்கம் திருடரையும் ஈர்த்தது. அணியைப் பறிக்கும்போது மடலே அறுந்துவிடும் இடர் இருந்தது. அணிந்தவர் இறந்தபின் அது யாருக்கு என்பது உறவினரிடையே பிணக்கை உண்டாக்குவதும் உண்டு. 2023இல் வெளியான தண்டட்டி என்னும் தமிழ்த் திரைப்படம் இத்தகைய கதையைக் கொண்டது.

வாரிசுகளின் காதில் அணிய முடியாததால் பாம்படங்கள் பெரும்பாலும் உருக்கப்பட்டு வேறு நகைகளாகின்றன. எஞ்சியவற்றுள் சில இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்றவற்றில் பாதுகாக்கப்படுகின்றன.

இன்றைய தெரிவு

பாம்படத்தின் வடிவத்தை விரும்புவோர் காது வடிக்க வேண்டியதில்லை. அதே வடிவங்களைச் சிறிதாக்கி, வழக்கமான காதுத் துளைக்கு ஏற்ற தோடாகவோ, சங்கிலியில் கோக்கும் பதக்கமாகவோ செய்துகொள்ளலாம். பழைய அணியை அப்படியே சிறு துளையில் மாட்டினால் மடல் கிழியக்கூடும்.

பழைய பாம்படத்தை விற்கும்போது அதன் மொத்த எடையில் அரக்கின் எடையும் அடங்கும் என்பதைக் கருத்தில் கொள்ள வேண்டும். தங்க நகைகளுக்கான தரமுத்திரை இந்தியாவில் 2021 முதல் படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. பழைய அணிகளில் அது இராது என்பதால் மாற்றை உரைத்தோ கருவியாலோ அறிய வேண்டியிருக்கும். உருக்கிவிட்டால் தங்கத்தின் மதிப்பு மட்டுமே மிஞ்சும். வேலைப்பாட்டின் மதிப்பைத் திரும்பப் பெற முடியாது. குடும்பத்தில் எஞ்சிய அணியை உருக்கும் முன், அதன் ஒளிப்படத்தையும் அணிந்தவர், ஊர், உறுப்புகளின் பெயர்கள் ஆகிய விவரங்களையும் பதிந்து வைப்பது பயனுள்ளது.