ரேடியேட்டர் மூடியும் சோழவரம் ஓடுதளமும்

கோடை விடுமுறை வந்தாச்சு. நம்மவர்களில் சிலர் ஆசைப்பட்டு வாங்கிய வேகக்காரின் பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு மலைப்பக்கம் கிளம்புவார்கள். இளவட்டங்கள் 'டிராக் டே' என்று காசு கட்டி, பந்தயத் தடத்தில் சுற்றப் போவார்கள். இரண்டிலும் இன்ஜின் கொதிக்க வாய்ப்புண்டு. அந்தக் கொதிப்புக்கு ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது.

1886-ல் கார்ல் பென்ஸ் செய்த வண்டியில் ரேடியேட்டரே கிடையாது. தண்ணீர் ஆவியாகிப் போகப் போக ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். 1888-ல் அவர் மனைவி பெர்த்தா, கணவரிடம் சொல்லாமல் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை ஓட்டிப் போனார். வழியெல்லாம் தண்ணீர் தேடியதுதான் அந்தப் பயணத்தின் பாதி வேலை. (எங்கள் பக்கம் 'வெள்ளம்' என்போம். அதைக் கேட்டு சென்னை நண்பர்கள் பயந்துவிடுவார்கள்!)

தீர்வு பந்தயத்தில் பிறந்தது. மேபாக் வடிவமைத்த 35 குதிரைத்திறன் மெர்சிடிஸ் 1901 மார்ச்சில் நீஸ் நகரப் போட்டிகளை வாரிக்கொண்டு போனது. அதன் முகத்தில் 8,070 சிறு குழாய்கள் கொண்ட தேன்கூட்டு ரேடியேட்டர். குறைந்த தண்ணீர், நிறையக் காற்று. இன்று நம் கார்களில் இருப்பதும் இதே சூத்திரம்தான்.

எனக்கு ஊர் பாலராமபுரம். பாறசாலை, நெய்யாற்றின்கரை தாண்டி திருவனந்தபுரம் போகும் வழியில் இருக்கிற கைத்தறி ஊர். தமிழ்ப்பக்கத்திலிருந்து மன்னர் காலத்தில் குடியேறிய சாலியர்கள் நெய்யும் ஊர். 1938 பிப்ரவரி 21-ல் திருவிதாங்கூர் அரசின் முதல் பஸ் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு ஓடியதும் இந்த வழியில்தான். 1956-ல் விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தில் தங்கியது. சாலை மட்டும் இரண்டுக்கும் பொது. ஜங்ஷன் நெரிசலில் அம்பாசடர் டிரைவர்கள் பானெட்டைத் திறந்து, கந்தைத்துணியோடு நிற்பது எங்களுக்குப் பழகிய காட்சி.

நம் நாட்டில் வேகமும் வெயிலும் நேருக்கு நேர் மோதிய இடம் சோழவரம். இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1953-ல் தொடங்கிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனித் தடமே வந்தது. கோவை கரிவரதன் மாருதி 800 இன்ஜினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக்கார் கட்டினார். சாதுவான குடும்ப இன்ஜினை முழுநேரமும் முறுக்கி ஓட்டினால் என்ன ஆகும்? எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குளிரூட்டும் நீருக்குத்தான் போகிறது. முறுக்க முறுக்க அது கூடும். தண்ணீர் தாக்குப்பிடித்தாலும் ஆயில் சூடாகி இளகிவிடும். அதனால்தான் ஓட்டப்பந்தய வண்டிகளுக்குத் தனி ஆயில் கூலர்.

டிரெய்லர் இழுப்பது இதைவிடப் பொல்லாதது என்பேன். தடத்தில் வேகம் இருப்பதால் காற்றாவது வந்து மோதும். மேட்டில் பாரத்தோடு ஊரும்போது சூடு அதிகம், காற்று குறைவு. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் ஆயிலும் பல வண்டிகளில் அதே ரேடியேட்டரில்தான் குளிர்கிறது. முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுதாகத் திறங்கள். பிள்ளைகள் கத்துவார்கள், கத்தட்டும். அலுமினிய ஹெட் வளைந்து கேஸ்கெட் போனால் விடுமுறைச் செலவு முழுக்க அதற்கே போய்விடும்.

ஒரு விஷயம் மட்டும் கண்டிப்பாக. சூடான மூடியைத் திறக்கவே கூடாது. 15 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் உள்ளே தண்ணீர் ஏறத்தாழ 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கி இருக்கும். திறந்த நொடியில் சீறி முகத்தில் அடிக்கும். கந்தைத்துணி அதற்குப் போதாது.

தடத்துக்குப் போகிறவர்கள் கூலண்ட் விதியையும் கேட்டுக்கொள்ளுங்கள். கிளைகால் சிந்தினால் வழுக்கும் என்று பல தடங்களில் வெறும் தண்ணீர்தான் ஊற்றச் சொல்வார்கள். குளிர்நாட்டில் இருப்பவர்கள் வீடு திரும்பியதும் மறுபடி கிளைகால் கலக்க வேண்டும், இல்லாவிட்டால் பனிக்காலத்தில் தண்ணீர் உறைந்து பிளாக்கையே பிளந்துவிடும். கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டுங்கள். நிறுத்தியதும் சாவியைத் திருப்பிவிடாமல், முள் இறங்கும்வரை இன்ஜின் ஓடட்டும்.