கதை வகுப்பு: தலைப்பும் திருத்தமும்

பினாங்கு ஜார்ஜ்டவுனில், நம்மவர் கடைத்தெரு என வழங்கும் பகுதிக்கு அருகே, ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர் வாழ்ந்து வந்தார். நான் பயிற்சி முடித்து வேலையில் சேர்ந்த புதிதில் அவரைக் காணச் செல்வது வழக்கம். ஒருநாள் அலமாரியிலிருந்து நீண்ட பேரேடு ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். வட்டிக்கடைக் கணக்கு எழுதுவதற்கென்று கட்டிய பேரேடு அது. ஆனால், உள்ளே கணக்கு ஒரு வரியும் இல்லை. ‘தமிழ் நேசன்’ நாளிதழின் பழுப்பேறிய நறுக்குகள் பக்கம் பக்கமாக ஒட்டப்பட்டிருந்தன. அவற்றின் ஓரத்தில் அவருடைய பென்சில் குறிப்புகள். ஓரிடத்தில், “தஞ்சாவூர் வேண்டா, நிபோங் திபால் போதும்” என்று எழுதி இருமுறை கோடிட்டிருந்தார்.

“அது என்ன ஐயா?” என்றேன்.

“அதுதான் தம்பி கதை வகுப்பு. நான் காவிரிக்கரையைக் கண்டவன் அல்லன். ஆனால் என் கதை அங்கேதான் நடந்தது. எனக்கே வெட்கமாகப் போய்விட்டது” என்றார்.

மலாயாவில் தமிழ்ச் சிறுகதை வளர்ந்த வரலாற்றைப் பேசுவோர் கதை வகுப்பை ஒரு வரியில் குறிப்பிட்டுவிட்டு அப்பால் செல்வர். அந்த ஒரு வரிக்குள் ஆசிரியர்களாகிய நாம் நின்று பார்க்கவேண்டிய செய்தி இருக்கிறது.

1950ஆம் ஆண்டில் ‘தமிழ் நேசன்’ ஏட்டில் சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகிய இருவரும் இவ்வகுப்பைத் தொடங்கினர். சிறுகதை என்பது யாது, கரு எங்கிருந்து பிறக்கிறது, எங்கே தொடங்கி எங்கே நிறுத்துவது என்பன போன்றவற்றை ஏட்டின் வழியே கற்பித்தனர். அதனோடு பயிற்சியும் கொடுத்தனர். எழுத விரும்பியோர் எழுதி அனுப்பினர், அனுப்பியவை படிக்கப்பட்டன, மதிப்பிடப்பட்டன, தேறியவை அச்சேறின. 1951ஆம் ஆண்டுடன் வகுப்பு நின்றது. கூரையும் கரும்பலகையும் இல்லாத வகுப்பு; மாணவர் முகத்தை ஆசிரியர் கண்டதில்லை. பினாங்கிலிருந்து சென்ற கதை படகில் கடலைக் கடந்து, பிறையில் இரயிலேறிக் கோலாலம்பூர் சேரவேண்டும். அந்தக் காத்திருப்பைத்தான் பேரேட்டுக்காரர் மகிழ்ச்சியோடு நினைவு கூர்ந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏடு வந்து இறங்கும் கடைவாயிலில் போய் நிற்பாராம்.

காலச்சூழலையும் மறத்தலாகாது. போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். சயாம் மரண இரயில் பாதைக்குச் சென்ற தந்தையர் பலர் திரும்பவில்லை. 1948இல் பிறந்த அவசரகாலச் சட்டம் 1960 வரை நீடித்தது. தோட்டங்களைச் சுற்றி முள்வேலி, இரவில் ஊரடங்கு. எழுதுவதற்குச் செய்தி ஏராளமாக இருந்தது. ஆயினும் எழுதப் புகுந்தவன் கை, தமிழகத்து வார இதழ்களில் படித்த அக்கிரகாரத்தையும் மாட்டுவண்டியையும் நோக்கியே சென்றது. படித்ததைத்தானே எழுத முடியும்? பால்மரக் காட்டைக் கதைக்குள் கொண்டுவரலாம் என்று யாரேனும் ஒருவர் சொல்லவேண்டியிருந்தது.

தலைப்புக் கொடுத்து எழுதச் செய்யும் வழக்கம் நமக்குப் புதிதன்று. ஈற்றடி கொடுத்து வெண்பாப் பாடச் சொல்லுதல் நம் அவைகளின் பழைய விளையாட்டு. காளமேகப் புலவர் பெயரால் வழங்கும் தனிப்பாடல்களுள் பல இத்தகைய அறைகூவலுக்கு விடையாகப் பிறந்தவை என்பர். இரட்டைப் புலவர் இருவருள் ஒருவர் பாட்டைத் தொடங்க மற்றவர் முடிப்பார் என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திய கோட்டாறு செய்குத்தம்பிப் பாவலரைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. இசுலாமியராகிய அவருக்கு இராமனைத் துணையாக்கும் ஈற்றடியைக் கொடுத்து ஒருவர் மடக்க நினைத்தாராம். பாவலரோ ஈற்றடியின் முதற்சொல்லை அதற்கு முன்னடியோடு புணர்த்து, இராமனின் தம்பி பெயராக மாற்றி, அவையைக் கைதட்ட வைத்துவிட்டார்.

பினாங்குக்கும் இந்தப் புலவர் மரபோடு தொடர்பு உண்டு. நாகூர் குலாம் காதிறு நாவலர் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தீவில் தங்கி ‘வித்தியா விசாரிணி’ என்னும் ஏட்டை நடத்தியவர். பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கப் புலவர்களுள் ஒருவராக விளங்கியவர். நம் காலத்தில் செ. சீனி நைனா முகம்மது (1947–2014) ‘உங்கள் குரல்’ இதழைப் பினாங்கிலிருந்து நடத்தி, யாப்பையும் தொல்காப்பியத்தையும் கற்பிப்பதே தம் தொழில் என வாழ்ந்தார்.

ஈற்றடி கொடுத்தால் போதும் என்றிருந்த மரபுக்கும், பாடமும் திருத்தமும் வேண்டும் என்ற கதை வகுப்புக்கும் இடையே வேறுபாடு ஏன் வந்தது? என் கருத்து இது. வெண்பாவுக்கு யாப்பே ஆசிரியன். தளை தட்டினால் பாடியவனுக்குத் தெரியும். அவையில் இருப்பவனுக்கும் தெரியும். ஈற்றடி வந்து பொருந்தவில்லை என்றால் குழந்தையும் சிரிக்கும். சிறுகதைக்கு அத்தகைய காவல் இல்லை. தலைப்புக்கு ஏற்றவாறு ஆயிரம் சொல் எழுதிவிடலாம். அது கதையா அன்றா என்பது எழுதியவனுக்குத் தெரியாது. வேறொருவர் படித்து, இன்ன இடத்தில் கதை நழுவியது என்று சொன்னால்தான் தெரியும். இரு நாராயணர்களும் இதை உணர்ந்திருந்தனர் என்றே எண்ணுகிறேன். தலைப்பை மட்டும் அச்சிட்டுவிட்டுப் பரிசுத்தொகையை அறிவித்திருந்தால் அவர்களுக்கு வேலை குறைந்திருக்கும்.

இதே காலத்தில் தமிழகத்தில் ‘கலைமகள்’ ஒரே தலைப்பில் இரண்டு எழுத்தாளர்களைக் கதை எழுதச் செய்து வெளியிட்டது. சுவையான முயற்சிதான். ஆனால் அது தேர்ந்த கைகளுக்கு வைத்த பந்தயம். கதை வகுப்பில் அமர்ந்தவர்களோ இதற்கு முன் கடிதத்துக்கு மேல் எதுவும் எழுதாத தோட்டத்து ஆசிரியரும், கிராணியும், கடைச் சிப்பந்தியும்.

அவ்வகுப்பில் பங்குகொண்டு பின்னர் பெயர் பெற்றவர்களுள் மா. செ. மாயதேவன் ஒருவர். அவரும் மா. இராமையாவும் இணைந்து ‘இரத்த தானம்’ என்ற சிறுகதைத் தொகுதியை 1953இல் கொண்டுவந்தனர். மலேசியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பின்னர் நூலாக எழுதிவைத்தவரும் இதே இராமையாதான்.

1952இல் கு. அழகிரிசாமி ‘தமிழ் நேசன்’ ஆசிரியர் குழுவுக்கு வந்து சேர்ந்தார். இடைசெவலில் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதுகூட ஆகவில்லை. 1957 வரை இங்கிருந்தார். எழுத்தாளர்களைக் கூட்டி இலக்கிய வட்டம் நடத்தினார். வந்த கதைகளைக் கண்டிப்பான கண்ணோடு அலசினார். அரிச்சுவடி முடித்தவர்களுக்கு அடுத்த வகுப்பு கிடைத்தது போலாயிற்று. சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணியின் ‘தமிழ் முரசு’ மாணவர்களுக்கென்றே பக்கம் ஒதுக்கி, மாணவர் மணிமன்றத்தை வளர்த்தது. ஏட்டுப் பக்கத்தில் தொடங்கிய அம்மன்றம் மலாயா எங்கும் ஊர்தோறும் கிளைவிட்டு, பிற்காலத்தில் இளைஞர் இயக்கமாகவே மாறிற்று. பின்னர்ப் பவுன் பரிசு வந்தது, போட்டிகள் பல வந்தன. பவுன் பெற்றவர் மகிழ்ந்தார். பெறாத மற்றவர்க்கு ஏன் பெறவில்லை என்பது தெரியாமற்போயிற்று. பரிசைக் குறை சொல்லவில்லை. அது செய்யும் வேலை வேறு என்கிறேன்.

கதை வகுப்பை மறுத்துரைப்பாரும் உளர். கலையைக் கற்பிக்க முடியாது. கற்பித்தால் ஒரே அச்சில் வார்த்த கதைகளே வரும் என்பது அவர்கள் வாதம். இதை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். ஏனென்றால் அந்த அச்சை என் வகுப்பிலேயே பல ஆண்டுகள் கண்டிருக்கிறேன்.

நம் பள்ளிகளில் ‘தன்கதை’ என்றொரு கட்டுரை வகை உண்டு. ‘நான் ஒரு பேனா’ என்பது அதன் நித்திய தலைப்பு. 1988 முதல் 2021இல் கைவிடப்படும் வரை ஆறாம் ஆண்டுத் தேர்வு நம்மை ஆட்டிவைத்தது. அதன் பொருட்டு நானும் என் மாணவர்க்கு ஒரு சட்டகம் கொடுத்தேன். பேனா தொழிற்சாலையில் பிறக்கும், கடைக்கு வரும், ஒரு மாணவன் வாங்குவான், நன்றாக உழைக்கும், முடிவில் உடைந்து குப்பைத் தொட்டியில் கிடந்து தன் கதையைச் சொல்லும். வகுப்பில் இருபது பேர் எழுதினால் இருபது குப்பைத் தொட்டிகள். நான் சிவப்பு மையால் ‘நன்று’ என எழுதிக் கையொப்பமிட்டேன். பயிற்சிக் கல்லூரியில் கற்றுக்கொண்ட திருத்தக் குறியீடுகள் எல்லாம் ஒற்றுப் பிழைக்கே செலவாயின.

ஒருமுறை, வேறு நோக்கம் எதுவுமின்றி, பேனாவுக்குப் பதிலாக ‘நான் ஒரு பால்வாளி’ என்று கரும்பலகையில் எழுதிவிட்டேன். பெரும்பாலோர் பேனாவை எடுத்துவிட்டு வாளியை வைத்து, அதே குப்பைத் தொட்டியில் முடித்திருந்தனர். ஒரு சிறுமி மட்டும் அரைப்பக்கந்தான் எழுதியிருந்தாள். அவள் பாட்டி மரம் சீவியவர். காலையில் பாலைச் சுமந்த வாளி, வேலை விட்டதும் ஆற்றில் கழுவப்பட்டு, மாலையில் கடையிலிருந்து அரிசியைச் சுமந்து வீட்டுக்கு வரும். எவ்வளவு தேய்த்தும் போகாத பால் நாற்றம் சோற்றிலும் இருக்கும் என்று எழுதியிருந்தாள். முடிவே இல்லை, வாளி வீட்டு மூலையில் இருக்கிறது, அவ்வளவுதான். சட்டகத்தில் அடங்கவில்லை என்று நான் மதிப்பெண் குறைத்தேன். ‘முடிவு தேவை’ என்றும் எழுதினேன். அடுத்த கட்டுரையில் அவள் ஒழுங்காகக் குப்பைத் தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அன்று மாலை பேரேட்டுக்காரரிடம் இதைச் சொல்லியிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ! அப்போது அவர் காலமாகி இரண்டாண்டு ஆகியிருந்தது. அவர் பென்சில் குறிப்புகளில் முடிவைப் பற்றி ஒன்றும் கண்டதாக எனக்கு நினைவில்லை. “இது யார் பேச்சு?”, “இந்த மரத்தை நீ பார்த்தாயா?”, “இவ்வளவு அழுகை எதற்கு?” என்பனவே மிகுதி. பிறர் கதைக்குச் சொல்லப்பட்ட திருத்தத்தை ஏட்டில் படித்து, அதைத் தம் கதைக்குத் தாமே கேள்வியாக மாற்றிக்கொண்டிருக்கிறார். ஒருவர்க்குச் சொன்ன விடை அச்சேறியதனால், எழுதி அனுப்பத் துணியாத நூறுபேர்க்கும் அது போய்ச் சேர்ந்தது. அச்சில் வார்த்த கதை வரும் என்ற வாதத்துக்கு நான் கொடுக்கக் கூடிய விடை அந்தப் பேரேடுதான். அச்சு வார்ப்பது முன்கூட்டித் தரும் சட்டகம். எழுதிய பின் கேட்கும் கேள்வி அன்று.

‘தமிழ் நேசன்’ 1924இல் தோன்றி 2019இல் நின்றுபோயிற்று. பேரேடு என்ன ஆயிற்று என்று அவர் மகனிடம் கேட்டேன். வீடு மாறியபோது பழைய தாள் வாங்குபவரிடம் போட்ட மூட்டைகளில் அதுவும் போயிருக்கலாம் என்றார்.

இப்போது வெள்ளிக்கிழமை தோறும் ஆறாம் ஆண்டு ஏடுகளில் ஐந்தை மட்டும் வீட்டுக்கு எடுத்து வருகிறேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதுகிறேன். சிவப்பு மையை ஒற்றுப் பிழைக்கு வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஒரு பையன், “இந்தக் கேள்விக்குப் பதில் தனியாக எழுதணுமா சார், இல்லே கதைக்குள்ளேயே எழுதணுமா?” என்று கேட்டான். கதைக்குள்ளேயே என்றேன்.