அடர்மிகு ஊடகம்: எடையோடு ஒட்டிக்கொண்ட சொல்

ஒளி ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குள் சாய்வாகப் புகும்போது திசை மாறுவதைத் தமிழகப் பாடநூல்கள் 'ஒளிவிலகல்' என்கின்றன. இலங்கை நூல்கள் 'முறிவு' என்கின்றன. ஐரோப்பியச் சொல்லின் லத்தீன் வேருக்கு 'உடைத்தல்' என்றே பொருள் என்பதால் முறிவு அதற்கு நெருக்கமானது. ஆனால் இரண்டுமே மாணவரைக் குழப்புவதில்லை. குழப்புவது, கூடவே வரும் 'அடர்மிகு ஊடகம்', 'அடர்குறை ஊடகம்' என்னும் இணை. ஒளி மெதுவாகச் செல்லும் பொருளை அடர்மிகு ஊடகம் என்கிறோம். அதே வகுப்பில் அடர்த்தி என்றால் ஓரலகுப் பருமனில் உள்ள நிறை. எடை கூடினால் ஒளி கூடுதலாக வளையும் என்ற நம்பிக்கை இந்தச் சொல்லுக்குள்ளேயே குடியிருக்கிறது.

அந்த நம்பிக்கைக்கு முகாந்திரம் இல்லாமல் இல்லை. குளிர்ந்த காற்று வெப்பக்காற்றைவிட அடர்த்தியானது, ஒளியையும் சற்றுக் கூடுதலாக வளைக்கும், கானல்நீர் அதனால்தான். ஈயம் கலந்த கனத்த கண்ணாடியும் அப்படியே. நியூட்டனும் 1704இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் விலக்கும் ஆற்றலை அடர்த்தியோடு இணைத்தார். ஆனால் எண்ணெய்த்தன்மை கொண்ட பொருள்கள் தங்கள் அடர்த்திக்கு மிஞ்சி ஒளியை வளைப்பதை அவரே கண்டு, விதிவிலக்காகக் குறித்துவைத்தார். வைரத்தையும் அந்த வரிசையில் சேர்த்தார். நீரில் ஒளி வேகம் கூடும் என்பது அவருடைய துகள் கொள்கை. குறைகிறது என்று 1850இல் இயற்பியலாளர் ஃபூக்கோ சுழலும் ஆடியைக் கொண்டு காட்டினார்.

கண்ணாடிக் குவளையில் நீர் ஊற்றி அதன்மேல் டர்பன்டைன் ஊற்றினால், நீரைவிட இலேசான அது மேலே நிற்கும். ஒளி எத்தனை மடங்கு மெதுவாகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் நீருக்கு 1.33, டர்பன்டைனுக்கு ஏறத்தாழ 1.47. மேலிருந்து சாய்வாக இறங்கும் கதிர் நீருக்குள் புகுகையில் செங்குத்துக்கோட்டை விட்டு விலகும். கனமான நீர்தான் இங்கே அடர்குறை ஊடகம்! டர்பன்டைனைப் போல் மூன்றரை மடங்குக்கு மேல் அடர்த்தியுள்ள ஃபுளோரைட் படிகத்தின் எண்ணோ 1.43தான். வெற்றிடத்தில் நொடிக்கு 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும் ஒளி, டர்பன்டைனில் சுமார் 2.04 லட்சமாகவும் ஃபுளோரைட்டில் 2.10 லட்சமாகவும் குறைகிறது. அணுக்களிலுள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் மின்புலத்துக்கு எவ்வளவு இசைந்து அசைகின்றன என்பதே இதைத் தீர்மானிக்கிறது.

'ஒளியியல் அடர்த்தி வேறு' என்று விளக்கிவிட்டால் போதாதா எனலாம். விளக்கம் ஒரு பக்கத்தில் வரும்; சொல்லோ ஒவ்வொரு கணக்கிலும் வரும். 'எண் மிகு ஊடகம்', 'எண் குறை ஊடகம்' என்று பாடநூல் எழுதுவோர் மாற்றிவிடலாம். கதிர்ப்படம் ஒன்றைக்கூடத் திருத்த வேண்டியிராது.