தொலேடோ: பேராலயத்தினுள் நிற்கும் ஒரு மார்க்க அறிஞர்



அந்தலூஸ் என்றதும் நமக்குக் கோர்டோபா பள்ளிவாசலும் கிரனடாவின் அல்ஹம்ராவும்தான் நினைவுக்கு வரும். படத்தைப் பகிர்வோம், "எப்படி வாழ்ந்த சமூகம்!" என்று பெருமூச்சு விடுவோம். அத்தோடு சரி. ஆனால் நாம் நிதானமாகப் படிக்க வேண்டிய இன்னொரு நகரம் ஸ்பெயினில் உண்டு. அதுதான் தொலேடோ. அறபியில் துலைதுலா.

மூன்று பக்கமும் தாஹோ ஆறு வளைந்தோட, பாறைக் குன்றின் மேல் அமைந்த ஊர் இது. விஸிகோத் மன்னர்களின் தலைநகராக இருந்தது. 711இல் அந்தலூஸுக்குள் நுழைந்த தாரிக் பின் ஸியாதின் படை இதைக் கைப்பற்றியது. அதன்பின் சுமார் 370 ஆண்டுகள் முஸ்லிம்களின் ஆட்சி. 999இல் கட்டப்பட்ட பாபுல் மர்தூம் பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. சின்னஞ்சிறு கட்டடம். உள்ளே ஒன்பது சிறு கூரைகள், ஒன்றைப் போல் மற்றொன்று இல்லை. பிற்காலத்தில் அது தேவாலயமாக்கப்பட்டது.

1031இல் கோர்டோபாவின் கிலாபத் முடிவுக்கு வந்தது. அந்தலூஸ் துண்டு துண்டாகி, நமது சிற்றரசர்கள் ஒருவரையொருவர் வீழ்த்த கிறிஸ்தவ மன்னர்களுக்கே கப்பம் கட்டினார்கள். 1072இல் நாட்டை இழந்த ஆறாம் அல்போன்ஸோவுக்கு அடைக்கலம் கொடுத்தவரும் தொலேடோவின் மன்னர் அல்மஃமூன்தான். 13 ஆண்டுகளின் பின், 1085 மே 25ஆம் திகதி, அதே அல்போன்ஸோ வெற்றியாளராக நகருக்குள் நுழைந்தார்.

சரணடைவு உடன்படிக்கையில் ஜும்ஆப் பள்ளிவாசல் முஸ்லிம்களிடமே இருக்கும் என்று வாக்களிக்கப்பட்டது. ஆனால் மன்னர் ஊரில் இல்லாத நேரம், அரசி கொன்ஸ்தான்ஸாவின் ஆதரவோடு பேராயர் பெர்னார்ட் ஓர் இரவில் பள்ளிவாசலைக் கைப்பற்றினார் என்று பழைய கிறிஸ்தவ வரலாற்று நூலே சொல்கிறது. தன் வாக்கு மீறப்பட்டதை அறிந்த மன்னர் கடும் கோபத்தோடு திரும்பினார். அவரை வழியில் சந்தித்த முஸ்லிம்கள், அவர்களைத் தண்டிக்க வேண்டாம் என்று மன்றாடினார்களாம். தண்டித்தால் அந்தப் பகை பின்னாளில் தங்கள் மீதே திரும்பும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்தக் குழுவின் தலைவர் அபூ வலீத் என்ற மார்க்க அறிஞர் என்பது பிற்கால மரபு. இது எவ்வளவு தூரம் சரித்திரம், எவ்வளவு தூரம் கதை என்பதில் ஆய்வாளர்களிடம் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பள்ளிவாசல் இருந்த அதே இடத்தில் 1226இல் தொடங்கி 1493 வரை கட்டப்பட்ட பேராலயத்தின் பிரதான பீடத்தருகே, ஒரு தூணில், அந்த அறிஞரின் சிலை இருக்கிறது. பள்ளியை இழந்தவரின் உருவம், அதை எடுத்தவர்களின் ஆலயத்தில்! அதே பேராலயத்தின் உள்மாடத்தில் பின்னிப் பிணைந்த அறபு பாணி வளைவுகளையும் காணலாம்.

நாம் கவனிக்க வேண்டிய இன்னொரு விடயம், வென்றவர்கள் அடுத்துச் செய்த வேலை. கிரேமோனாவைச் சேர்ந்த ஜெரார்ட் என்பவர் தொலமியின் அல்மஜெஸ்ட் நூலைத் தேடி இத்தாலியிலிருந்து தொலேடோவுக்கு வந்தார். அங்கே அறபு கற்றார். 1187இல் இறக்கும்வரை எழுபதுக்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனுக்குப் பெயர்த்தார். இப்னு ஸீனாவின் மருத்துவ நூலான கானூன் அவற்றில் ஒன்று. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் அதைப் பல நூற்றாண்டுகள் பாடநூலாக வைத்திருந்தன. இந்த நூல்களை விளங்கிக்கொள்ள நகரின் யூதர்களும் அறபு பேசிய கிறிஸ்தவர்களும் உதவினார்கள்.

அந்த நிலையும் நீடிக்கவில்லை. 1492இல் யூதர்கள் வெளியேற்றப்பட்டார்கள். 1502இல் கஸ்டீல் முஸ்லிம்களுக்கு ஞானஸ்நானம் அல்லது நாடு துறத்தல் என்ற இரண்டே வழிகள் விடப்பட்டன. சுவரில் ஹீப்ரு எழுத்தோடு அறபு எழுத்தும் பொறித்த யூத ஆலயம் ஒன்று நகரில் மிஞ்சியிருக்கிறது. அதைக் கட்டிய சமூகம்தான் அங்கே இல்லை.

வாக்கை மீறியவர்களைக் குறை சொல்வது எளிது. தமக்குள் சண்டையிட்டு நகரை இழந்தவர்கள் யார் என்பதையும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். எதிரியின் மொழியைக் கற்று நூல்களை எடுத்துச் சென்றவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இழந்த நகரங்களின் படத்தைப் பகிரும் நாம், இந்த மாதம் எத்தனை நூல் வாசித்தோம்?

சிந்திப்போம்.