பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் எவ்வளவு தூரம்?

இரு நகரங்களுக்கிடையே சாலைத் தொலைவு வேறு, வான்வழித் தொலைவு வேறு என்பதை நாம் அறிவோம். விமானம் தோன்றுவதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே இந்த வேறுபாட்டைக் கணிதத்தில் கொண்டுவந்தவர் பேரறிஞர் அல்பீரூனி. அவரை அதற்குத் தூண்டியது பயணம் அன்று, தொழுகை.

கி.பி. 973இல் குவாரிஸ்மில் பிறந்த அவர், 1017இல் சுல்தான் மஹ்மூது அந்நாட்டை வென்றபின் கஸ்னாவுக்குக் கொண்டுவரப்பட்டார். கஸ்னாவில் தொழுபவர் எத்திசை நோக்கி நிற்க வேண்டும்? கிப்லாவைக் கணிக்க மக்காவின் அட்சரேகையும் கஸ்னாவின் அட்சரேகையும் வேண்டும். இரண்டுக்கும் இடையேயுள்ள தீர்க்கரேகை வேறுபாடும் வேண்டும். அட்சரேகையைச் சூரியனின் உயரத்தைக் கொண்டு அளந்துவிடலாம். 1018இல் காபூலை அடுத்த ஒரு சிற்றூரில் கருவி ஏதுமின்றி இருந்தபோது, கணக்குப் பலகையின் பின்புறத்தில் வட்டவில் வரைந்தே அவர் அதை அளந்தார்.

தீர்க்கரேகையே பெருஞ்சிக்கல். அது உண்மையில் நேர வேறுபாடு. 997 மே 24 அன்று நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் காத் நகரில் அல்பீரூனியும் பக்தாதில் அபுல் வஃபாவும் முன்னேற்பாட்டுடன் நோக்கி, இரு ஊர்களுக்கும் ஏறத்தாழ ஒரு மணி நேர வேறுபாடு உண்டெனக் கண்டிருந்தனர். ஆனால் கிரகணமும் தகுந்த துணைவரும் வேண்டியபோதெல்லாம் வாய்ப்பதில்லை.

எனவே அவர் வணிகக் கூட்டங்களின் வழித்தொலைவுகளை எடுத்துக்கொண்டார். பர்ஸக் கணக்கிலிருந்த அத்தொலைவுகளில் பாதையின் வளைவு நெளிவுகளுக்காக ஒரு பகுதியைக் கழித்தார். எஞ்சியதைப் பூமி உருண்டையின்மேல் அமைந்த வில்லாகக் கொண்டு, ஊர்களின் அட்சரேகைகளோடு இணைத்துத் தீர்க்கரேகை வேறுபாட்டைப் பெற்றார். ஒரே வழியில் கிடைத்த விடையை அவர் நம்பவில்லை. ரய், பல்க் வழியே வடபாதையிலும், ஷீராஸ், ஸிஜிஸ்தான் வழியே தென்பாதையிலும் கணக்கிட்டு ஒப்பிட்டார். பக்தாதுக்கும் கஸ்னாவுக்கும் அவர் கண்ட வேறுபாடு 24 பாகைக்குச் சற்று மேல். இன்றைய அளவிலிருந்து இது அரைப் பாகைகூட விலகவில்லை. கஸ்னாவில் நண்பகலாகி 1 மணி 36 நிமிடங்கள் கழிந்த பின்னரே பக்தாதில் நண்பகலாகும் என்பது இதன் பொருள்.

‘தஹ்தீது நிஹாயாத்தில் அமாகின்’ என்னும் அந்நூல் ஹிஜ்ரி 416இல், அதாவது 1025இல் நிறைவுற்றது.

பக்தாதும் கஸ்னாவும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளவை. ஆயினும் அவற்றிடையே மிகக் குறுகிய வழி நேர் கிழக்காகச் செல்வதில்லை. சற்றே வடக்காக வளைந்து செல்கிறது. நெடுந்தொலைவு விமானங்கள் நாடுவது இத்தகைய பெருவட்ட வழியையே. கிப்லாவும் அவ்வழியின் தொடக்கத் திசைதான். கைப்பேசியில் கிப்லாவைக் காட்டும் அம்புக்குறி நமக்கு எளிதாகக் கிடைத்துவிட்டது. ஆனால் ஒட்டகங்களின் காலடிக் கணக்கிலிருந்து அத்திசையைப் பிரித்தெடுத்தவருக்குக் கணிதமும் இறைவணக்கமும் இருவேறு துறைகளாக இருக்கவில்லை. நம் கல்விக்கூடங்களில் அவை மீண்டும் அருகருகே அமர வேண்டாமா?