மார்ல்பரோவின் காசில் விடுதி: ஒரு நெடுஞ்சாலை விடுதியின் எழுச்சியும் மறைவும் (1751–1843)

முன்னுரை

லண்டனிலிருந்து மேற்கே பாத் நகருக்குச் செல்லும் பழைய நெடுஞ்சாலையில், இங்கிலாந்தின் வில்ட்ஷயர் பகுதியில் உள்ள சிறிய சந்தையூர் மார்ல்பரோ. இங்கு 1751 முதல் 1843 வரை நடந்த காசில் விடுதி, அச்சாலையின் பெயர்பெற்ற விடுதிகளுள் ஒன்று. மறைந்த விடுதிகளின் வரலாறு பெரும்பாலும் அங்கே தங்கிய பிரமுகர்களின் கதையாகவே எழுதப்படுகிறது. காசில் விடுதியை வளர்த்ததும் வீழ்த்தியதும் பயணத்தின் வேகமே என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மாளிகை விடுதியாதல்

இக்கட்டடம் விடுதிக்கென எழுப்பப்பட்டதன்று. நார்மானியர் காலக் கோட்டை அழிந்த இடத்தில் சீமோர் பிரபுக் குடும்பம் மாளிகை கட்டி வாழ்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அக்குடும்பத்தைச் சேர்ந்த ஆறாம் சாமர்செட் கோமகன் அதைப் பெரிய செங்கல் மாளிகையாக்கினார். ஏழாம் கோமகன் 1750இல் ஆண் வாரிசின்றி இறந்ததும் சொத்து பிரிந்தது. மாளிகை அவருடைய மகளின் கணவர் குடும்பத்துக்குப் போயிற்று. அவர்களுக்கு வேறிடங்களில் பெரிய வீடுகள் இருந்தன. மறு ஆண்டே மாளிகை குத்தகைக்கு விடப்பட்டு விடுதியாயிற்று. கோட்டையின் நினைவாகவே அதற்குக் காசில் என்ற பெயர் அமைந்தது.

இரவுத் தங்கல்

அக்காலத்தில் பாத் நகரின் வெந்நீர் ஊற்றுகளை நாடிச் செல்வந்தர்கள் திரண்டனர். லண்டனிலிருந்து அங்கே போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு நாளாகும். லண்டனிலிருந்து சுமார் 120 கிலோமீட்டரிலும் பாத்திலிருந்து சுமார் 50 கிலோமீட்டரிலும் இருந்த மார்ல்பரோ, இரவு தங்கத் தோதான ஊர். பிரபு வாழ்ந்த அறைகளும் பரந்த தோட்டமும் செல்வந்தரை ஈர்த்தன.

1767இல் பிரிட்டிஷ் அரசின் தலைவராயிருந்த சாத்தம் பிரபு, லண்டனுக்குத் திரும்பும் வழியில் கீல்வாதம் முற்றி இங்கே படுத்துவிட்டார். விடுதி ஊழியர் அனைவரையும் தம் வீட்டுச் சீருடை அணியச் செய்தார் என்ற கதை பின்னாளில் பரவியது. ஸ்டான்லி வேமன் 1898இல் வெளியிட்ட நாவல் விடுதியின் பெயரையே தலைப்பாகக் கொண்டது.

கூடிய வேகம்

1784 ஆகஸ்ட் 2 அன்று, தபாலை விரைவாக எடுத்துச்செல்ல ஜான் பாமர் வகுத்த திட்டப்படி, முதல் தபால் கோச் வண்டி பாத்துக்கு அப்பாலுள்ள பிரிஸ்டலிலிருந்து மாலை 4 மணிக்குக் கிளம்பி, இச்சாலை வழியே 16 மணி நேரத்தில் லண்டன் சேர்ந்தது. தபால் வண்டிக்குச் சுங்கம் கிடையாது. காவலர் ஊதும் கொம்பொலி கேட்டதும் சாவடிக் கதவு திறக்கப்பட வேண்டும். அதே ஒலி கேட்டு லாயக்காரர்கள் புதுக் குதிரைகளைச் சேணம் பூட்டி வாசலில் நிறுத்துவார்கள். களைத்தவை அவிழ்க்கப்பட, புதியவை பூட்டப்பட, சில நிமிடங்களில் வண்டி புறப்பட்டுவிடும். ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு ஒருமுறை இப்படி மாற்ற வேண்டியிருந்ததால், தீவனக்காரர், லாடம் அடிப்பவர், சேணம் தைப்பவர் எனப் பலர் இச்சாலையை நம்பிப் பிழைத்தனர்.

1830களில் இப்பயணம் சுமார் 12 மணி நேரமாகச் சுருங்கியது. குதிரை மாற்றும் வேலை பெருகியபோதே, இரவு தங்க வேண்டிய தேவை குறையத் தொடங்கிவிட்டது எனக் கருத இடமுண்டு.

இருப்புப்பாதையும் முடிவும்

1841 ஜூன் 30 அன்று பாக்ஸ் சுரங்கம் திறக்கப்பட்டு, லண்டன்–பிரிஸ்டல் ரயில் பாதை முழுமையடைந்தது. பயணம் சுமார் நான்கு மணி நேரத்தில் முடிந்தது. பாதையோ மார்ல்பரோவைத் தொடாமல் வடக்கே ஸ்விண்டன் வழியாகப் போயிற்று. நெடுந்தூர வண்டிகள் சாலையைவிட்டு மறைந்தன. இரண்டே ஆண்டுகளில் விடுதி மூடப்பட்டது. மார்ல்பரோவுக்குக் கிளை ரயில் வந்தது 1864இல்தான்.

கட்டடத்துக்கு உடனே வேறு பயன் கிடைத்தது. 1843 ஆகஸ்டில், ஆங்கிலத் திருச்சபைக் குருமார்களின் மகன்களுக்கான உறைவிடப் பள்ளியாக மார்ல்பரோ கல்லூரி இங்கே தொடங்கியது. பல அறைகள் கொண்ட விடுதி, மாணவர் தங்கும் பள்ளிக்குப் பொருந்தியது. அம்மாளிகை இன்றும் பள்ளியின் பகுதியாக நிற்கிறது.

முடிவுரை

காசில் விடுதி 92 ஆண்டுகள் நடந்தது. இரண்டு நாள் பயணம் அதை வாழவைத்தது. நான்கு மணி நேரப் பயணம் அதை மூடியது. பிரமுகர் கதைகள் விடுதியின் புகழை விளக்கும், மறைவை விளக்கா. எனவே சிற்றூர் விடுதிகளின் வரலாற்றை எழுத முனைவோர், குத்தகைப் பத்திரங்களையும் தபால் வண்டிகளின் கால அட்டவணைகளையும் சுங்கச்சாவடிக் கணக்குகளையும் முதன்மைச் சான்றாகக் கொள்ள வேண்டும்.