இமயமலைக்கு சைக்கிள் பந்தயம் வந்த கதை

காலையில் மேலக்கால் சாலையில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு நாகமலைப் பக்கம் போகிற நம் பகுதிப் பிள்ளைகளைப் பார்த்திருப்பீர்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், பத்துப் பதினைந்து கியர். பேரப்பிள்ளைகள் வைத்திருந்தால் அதன் விலையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த வகை வண்டிகளுக்காக இமாச்சலப் பிரதேசத்தில் ஒரு சர்வதேசப் பந்தயம் 2005-ல் தொடங்கியது. பெயர் எம்.டி.பி. ஹிமாலயா. நடத்துவது ஷிம்லாவைச் சேர்ந்த ஒரு சாகச விளையாட்டு, சுற்றுலா வளர்ச்சிச் சங்கம்.

இது ஒரே நாளில் முடிகிற பந்தயம் அல்ல. தினம் ஒரு கட்டம். வங்கிப் பேரேட்டில் முன்பக்க இருப்பைக் கொண்டுவந்து கூட்டுவதுபோல், ஒவ்வொரு நாள் எடுத்த நேரத்தையும் கூட்டிக்கொண்டே வருவார்கள். கடைசி நாளில் மொத்தம் யாருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர். இந்த முறையைப் பிரபலமாக்கியது 1903-ல் பிரான்சில் தொடங்கிய டூர் டி பிரான்ஸ். ஆறு கட்டங்கள், 2,428 கிலோமீட்டர், 60 பேர் புறப்பட்டார்கள். அதை நடத்தியது லோட்டோ என்ற பத்திரிகை. நோக்கம் பத்திரிகை விற்பனை. பல நாள் பந்தயம் என்றாலே பின்னால் ஏதோ ஒரு சரக்கு விற்கவேண்டியிருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மலைச் சைக்கிள் பிறந்தது வேறு இடத்தில். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், 1970-களில், சில இளைஞர்கள் பழைய தடி டயர் சைக்கிள்களை மலைமேல் ஏற்றிக் கொண்டுபோய் மண்பாதையில் இறக்கி விளையாடினார்கள். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அந்த வண்டிகளில். ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் சக்கரக் குடத்துக்குள் இருந்த கிரீஸ் எல்லாம் புகைந்து போய்விடும்; மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் அவர்கள் 1976-ல் தொடங்கிய பந்தயத்துக்கே ‘ரீபேக்’, அதாவது ‘மறுபடி அடை’, என்று பெயர். அங்கிருந்து இருபதே வருஷம், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் இடம் பிடித்துவிட்டது.

இதைப் பல நாள் பந்தயத்தோடு சேர்த்தவர்களில் முந்தியது பணக்கார நாடு அல்ல. 1993-ல் மத்திய அமெரிக்காவின் கோஸ்டாரிகாவில் பசிபிக் கரையிலிருந்து கரீபியன் கரைவரை லா ரூட்டா என்ற பந்தயம் நடந்தது. 2004-ல் தென்னாப்பிரிக்காவில் கேப் எபிக். அடுத்த வருஷமே நம் ஷிம்லா. காரணம் ஊகிக்கக் கூடியதுதான். இந்தப் பந்தயத்துக்கு மைதானம் வேண்டாம், கட்டடம் வேண்டாம். தார் போடாத பாதை வேண்டும். அது நம்மிடம் தாராளமாக இருந்தது.

ஷிம்லாவிலிருந்து நார்கண்டா போகிற வழி, டல்ஹவுசி பிரபு காலத்தில் 1850-ல் வேலை தொடங்கிய பழைய இந்துஸ்தான்–திபெத் சாலை. நார்கண்டாவின் உயரமே சுமார் 2,700 மீட்டர்; தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடிக்குச் சமம். அதையும் தாண்டி ஜலோரி கணவாய், சுமார் 3,100 மீட்டர். நம் கொடைக்கானலுக்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். இந்தப் பக்கத்து வனத்துறைப் பாதைகள், கோவேறு கழுதைத் தடங்கள், ஆப்பிள் தோட்டத்து வண்டிப்பாதைகள், ஓடைகள் வழியாகத்தான் பந்தயம் போனது. நடத்தியது பெரும்பாலும் மழைக்காலம் முடிந்த செப்டம்பர் கடைசி, அக்டோபர். இரவில் கூடாரம். வீரர்கள் தூங்கும்போது மெக்கானிக்குகள் செயினைக் கழுவிக்கொண்டிருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

பல ஆண்டுகள் பந்தயத்தின் பெயருக்கு முன்னால் ‘ஹீரோ’ சேர்ந்திருந்தது. லூதியானாவில் 1956-ல் சைக்கிள் தயாரிக்கத் தொடங்கி, 1986-ல் உலகிலேயே அதிக சைக்கிள் தயாரிக்கும் நிறுவனம் என்று கின்னஸில் ஏறிய கம்பெனி அது. பால்காரருக்கும் தபால்காரருக்கும் கேரியர் வைத்த கறுப்பு வண்டி விற்று வளர்ந்தவர்கள், நாலு சக்கர வாகனத்துக்கு மாறிக்கொண்டிருந்த நடுத்தர வர்க்கத்துக்கு சைக்கிளை விளையாட்டுச் சாமானாக விற்க வேண்டிய நேரம் வந்திருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. லோட்டோ செய்ததும் அதுதானே.

எனக்கு உறுத்துவது வேறு. வெளிநாட்டுக்காரர் எதைத் தேடி வந்தாரோ, அந்தக் கரடுமுரடான பாதை, அந்த ஊர்க்காரருக்குக் குறை. பிரசவ வலி கண்ட பெண்ணைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்குகிற பாதையும் அதுதான். நேபாளத்தில் இது இன்னும் தெளிவாகத் தெரிந்தது. அங்கே 2007-ல் தொடங்கிய யாக் அட்டாக் என்ற பந்தயம் அன்னபூர்ணா மலையைச் சுற்றி, 5,416 மீட்டர் உயரமுள்ள தோரோங் கணவாயைக் கடந்து, மறுபக்கம் இறங்குகிற இடம் முக்திநாத். நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் சாளக்கிராமமாக நாம் சேவிக்கும் தலம். யாத்திரை போய்வந்தவர்கள் நம் குடியிருப்பிலும் இருப்பீர்கள். முக்திநாத்துக்கு நீங்கள் ஜீப்பில் போயிருந்தால், ஒரு காலத்தில் நடைபாதையாக இருந்ததன் மேல்தான் போயிருக்கிறீர்கள். கணவாயின் மறுபுறம் மனாங் வரையும் ஜீப் சாலை வந்துவிட்டது. பாதையின் அழகு கெட்டது என்று நடைப்பயணிகள் வருத்தப்பட்டார்கள். சாலை முதலில், பந்தயம் பிறகு என்பதே என் கட்சி. பந்தயம் வேறு தடம் தேடிக்கொள்ளலாம், நோயாளி தேட முடியாது.

நம் பக்கம் ஏன் இல்லை என்று கேட்பீர்கள். 2008 முதல் நடக்கும் நீலகிரி சைக்கிள் பயணம் இருக்கிறது. கல்ஹட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகள் அதில் பேர்போனவை. ஆனால் அது தார்ச்சாலை. 2023 அக்டோபரில் ஆசிய மலைச் சைக்கிள் போட்டி கேரளத்தின் பொன்முடிக்கு வந்தது. அது ஒரே இடத்தில் நடப்பது. தேனி மலைகளில் பாதை உண்டு. ஆனால் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்ததையும், தீக்காயம் பட்டவர்களை நம் அரசு ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததையும் மறந்திருக்க மாட்டீர்கள். அதன் பிறகு காட்டுப் பாதையில் கூட்டமாகப் போக அனுமதி கேட்பதே பெரிய காரியம். அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. பிப்ரவரி வந்தால் புல் காய்ந்து தீக்காலம். நடுவில் டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் மிச்சம். நீலகிரிப் பயணத்துக்கும் டிசம்பரைத்தான் பிடித்திருக்கிறார்கள்.